உரசிப் பார்க்க முடியாத சரக்கு

பெரிய காஞ்சிபுரத்தில் ராஜாஜி மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் 1984 முதல் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். இருட்டினால் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. பகலில் விற்ற பாட்டையே ராத்திரி மேடையில் வாசித்துப் பிழைத்தவன் என்பதால், ஒரு பாட்டு எதனால் ஓடுகிறது, எதனால் படுத்துவிடுகிறது என்பது பற்றி எனக்குச் சில முடிவுகள் உண்டு. மின்னிசை என்றால் கொஞ்சம் பிடிவாதமான முடிவுகள்.

மின்னிசை என்றதும் வெளிநாட்டில் விடிய விடிய ஆடும் கூடங்களை நினைக்க வேண்டியதில்லை. நமக்கு அது சினிமாப் பாட்டின் முதுகில் ஏறி வந்தது. சிந்தசைசர், சீக்வென்சர், ரிதம் பேட், சாம்பிளர் என்று மின்சாரத்தில் பிறக்கும் சத்தமெல்லாம் எனக்கு அந்தக் கணக்குதான். நாதஸ்வரம் என்றால் ஊதுகிறவர் கன்னம் உப்புவது கண்ணுக்குத் தெரியும். மூச்சு வாங்குவது தெரியும். மிஷின் சத்தத்துக்கு ஆள் தெரியாது. யார் செய்தார், கஷ்டப்பட்டுச் செய்தாரா, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனாரா, கேட்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது. அந்தக் காலி இடத்தில்தான் விற்கிறவன் வந்து உட்காருகிறான்.

எங்கள் ஊரின் பெரிய சரக்கு பட்டு. பட்டில் ஏமாற்று உண்டு, ஆனால் சோதனையும் உண்டு. ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். நூலைக் கொளுத்தினால் மயிர் கருகும் நாற்றம் வர வேண்டும். இன்னும் சந்தேகம் என்றால் வெள்ளி 40 விழுக்காடு, தங்கம் அரை விழுக்காடு இருக்கிறதா என்று மிஷினில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். அரசே இங்கே தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் நடத்துகிறது. அப்படி இருந்தும், டிவியில் சாமுத்ரிகா, பரம்பரா என்று கடைகள் பட்டுக்குப் பேர் வைத்து விளம்பரம் செய்ய ஆரம்பித்த பிறகு, சேலையை விரித்துக் காட்டும் முன்பே பேரைச் சொல்லிக் கேட்கும் கல்யாண வீட்டார் பெருகிப் போனார்கள். சுரண்டிப் பார்க்கக்கூடிய பட்டுக்கே இந்தக் கதி. மின்னிசையை எதில் உரசிப் பார்ப்பது?

இது எனக்கு முதலில் உறைத்தது ‘ஸ்டீரியோ’வில். 1978ல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. நான் கடை திறந்தபோதும் அந்தப் பேச்சு ஓயவில்லை. சீட்டில் பாட்டுகளை எழுதி, அடியில் கோடு போட்டு ‘ஸ்டீரியோவில் வேண்டும்’ என்று குறித்துக் கொண்டு வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரிக்கார்டர். அதில் எதைப் போட்டாலும் ஒரே வாய் வழியாகத்தான் வரும். அடுத்த வாரம் வந்து, “என்னா துல்லியம்ணா, தந்தி ஒண்ணொண்ணும் தனியா கேக்குது” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஸ்டீரியோ என்று கேட்டு வாங்கியதால், அதுவரை வேலை செய்துகொண்டே கேட்டவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். உட்கார்ந்து கேட்டதால் தந்தி கேட்டது. விளம்பரம் காதை ஏமாற்றும் என்பார்கள். சில சமயம் தீட்டியும் விடும்.

பதிவுக் கடை என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எல்பி ரெக்கார்டும் கம்பெனி கேசட்டும் கடையில் இருக்கும். பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்த டிடிகே, சோனி வெற்று கேசட்டில் வாடிக்கையாளர் கேட்ட பாட்டுகளை வரிசையாகப் பதிந்து தருவோம். பதிப்புரிமையா? அவ்வப்போது ரெய்டு என்று சேதி வரும், ஷட்டர் இறங்கும், சாயங்காலம் ஏறும். அவ்வளவுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 60 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம். பாட்டுக்கு நாலரை நிமிடம் என்று போட்டால் ஆறு பாட்டுக்கு 27 ஆகிவிடும். ஏழாவது நுழையாது. மிச்சம் மூன்று நிமிடத்தை வெறும் நாடாவாக விட்டால் காசு கொடுத்தவருக்கு வயிறு எரியும். “ஏதாவது நல்லதா போட்டு ரொப்பிடுப்பா” என்பார்கள். அந்த மூன்று நிமிடத்துக்கு முழுப் பாட்டு கொள்ளாது. வார்த்தையில்லாத துண்டு இசைதான் கொள்ளும். படத்தின் தீம் இசை, டைட்டில் இசை, சிந்தசைசரில் வாசித்த சின்னச் சின்ன உருப்படிகள். கேசட்டில் ஒன்றைத் தாண்டிப் போவது அவ்வளவு சுலபமில்லை. எழுந்து போய் ஓட்ட வேண்டும். யார் எழுந்திருப்பார்கள்? அதுவும் பிள்ளையார்பாளையத்தில் தறிக் குழியில் உட்கார்ந்திருப்பவர், கை நாடாவில், கால் மிதியில், கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் கரைக்கு நாடா எடுத்துக் கொடுக்கும் பையன் வேறு. எங்கள் அப்பா தலைமுறையில் இலங்கை வானொலி எதை ஒலிபரப்பியதோ அதுவே தறி வீட்டின் ரசனை. கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் நல்ல பாட்டு என்று சொன்னால் அப்பீல் கிடையாது. பிறகு அந்த இடத்துக்கு கேசட் வந்தது. கேசட்டின் கடைசி மூன்று நிமிடம் என் கையில் வந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சிலர் வருவார்கள். “அந்த கேசட்ல முதல் பக்கம் முடியறப்போ ‘டிங் டிங்’னு ஒண்ணு வருமே, அது எந்தப் படம்? அந்த மாதிரியே ஒரு கேசட் முழுக்க போட்டுத் தா.” பாட்டு கேட்டு வந்த மனிதர் வார்த்தையில்லாத மின்னிசை கேட்டுப் போவார். போஸ்டர் கிடையாது, டிவி கிடையாது. தப்பிக்க முடியாத இடத்தில் பல தடவை காதில் விழுந்ததுதான் காரணம். என் கடை பெரிதாக இருந்திருந்தால் இதற்கு மார்க்கெட்டிங் என்று பேர் வைத்திருப்பார்கள். அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும்: எனக்கு உயிரான சில துண்டுகளை எத்தனையோ பேர் கேசட்டில் திணித்திருக்கிறேன். ஒருத்தரும் திரும்பி வந்து கேட்கவில்லை.

1986 தீபாவளிக்கு ‘புன்னகை மன்னன்’ வந்தது. இளையராஜா அதில் சீக்வென்சரைப் பயன்படுத்தினார். இந்தியத் திரையிசையில் அதுதான் முதல் தடவை என்று சொல்வார்கள். பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான் ஆன திலீப்தான் அந்தக் கருவியை இயக்கினார் என்பதும் பிறகு தெரிய வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குக் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்கள் சொற்பம். ஆனால் ‘கம்ப்யூட்டர் மியூசிக்’ என்ற பேச்சு படப்பெட்டிக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. “கம்ப்யூட்டர் பாட்டு வந்துடுச்சா?” என்றுதான் கடையில் கேட்டார்கள். தீம் இசையைப் போட்டுக் காட்டுவேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “மனுஷன் வாசிக்க முடியாது சார் இதெல்லாம்” என்று ஒருவர் பரவசப்பட்டார். உண்மையில் அதில் ஒவ்வொரு சுரமும் மனுஷன் யோசித்து உள்ளே ஏற்றியது. இசை நன்றாக இருந்தது, அதனால் நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் முதல் வாரம் கடைக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது கம்ப்யூட்டர் என்கிற மந்திரம்தான்.

ரஹ்மான் வந்தபோது விஷயம் இன்னும் ஆழமாகப் போனது. அவர் விளம்பரத் துறையில் தேறி வந்தவர். 1987ல் ஆல்வின் கைக்கடிகாரத்துக்கு இசை போட்டார். பிறகு நூற்றுக்கணக்கில் விளம்பர இசை. லியோ காபி விளம்பரம்தான் அவரை மணிரத்னத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது ஊரறிந்த கதை. 30 நொடிக்குள் ஒருவர் தலையைத் திருப்ப வேண்டும், சமையலறையில் இருப்பவரை டிவி முன்னால் இழுத்து வர வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் கட்டளை. 1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ வந்தபோது கேசட்டைப் போட்டதும் எனக்குப் பட்டது அதுதான். முதல் சில நொடியிலேயே ஒரு புதுச் சத்தம் வந்து சட்டையைப் பிடிக்கிறது. ரஹ்மான் பாட்டை எப்படி விளம்பரம் செய்தார்கள் என்று ஆராய்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். விளம்பரம் அந்தப் பாட்டுக்கு வெளியே இருந்து வரவில்லை. பாட்டைச் செய்யும் முறைக்குள்ளேயே இருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கோயில் வாசலில் நாதஸ்வரம் உரக்க ஊதுவதும் ஊரை அழைக்கத்தானே.

அதன் பிறகு எங்கள் பாடு. ஆடி மாதம் வந்தால் பெரிய காஞ்சியிலும் சுற்று ஊர்களிலும் அம்மன் கோயிலுக்குக் கோயில் கூழ் வார்ப்பார்கள், ராத்திரி கச்சேரி. எங்கள் குழுவில் அப்போது டோலக், தபலா, காங்கோ, டிரம்ஸ், இரண்டு கீபோர்டு. பழைய பாட்டுக்கெல்லாம் அதுவே தாராளம். ‘ரோஜா’வுக்குப் பிறகு விழாக் குழுக்காரர்கள் முன்பணம் கொடுக்கும்போதே, “ரெக்கார்டுல எப்படி இருக்கோ அப்படியே வரணும்” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். டோலக்கில் அந்தப் பாட்டை வாசித்தால் எதிரே இருக்கிற பையன்கள் விசில் அடித்து உட்காரச் சொன்னார்கள். ரெக்கார்டில் கேட்டது எத்தனையோ அடுக்குத் தாளத்தை மிஷினில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய சத்தம். தோல் வாத்தியத்தில் அதற்கு ஈடு கிடையாது.

ஆகவே அண்ணா சாலை மியூசி மியூசிகலுக்குப் போனோம். ரோலண்ட் பேட் வாங்கினோம். எங்கள் வீட்டு நகை அடகுக்குப் போனது. குழுவில் இருந்த டோலக் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “டோலக்குக்கு வாசிக்க வாசிக்க சூடு ஏறும் தம்பி. இதுல என்னா ஏறும்? கரண்ட் பில்லுதான்.” ஆனாலும் கற்றுக்கொண்டார். விரலில் வாசித்தவர் குச்சி பிடிக்கப் பழகினார். காங்கோ வாசித்தவர் பழகவில்லை. ஒரு வருஷம் சும்மா வந்து போனார், பிறகு பாவு போடப் போய்விட்டார். ஒரு தடவை புதுப்பாளையம் பக்கம் கச்சேரி நடுவில் மின்சாரம் போய், ஜெனரேட்டர்காரர் டீசல் வாங்கப் போயிருந்தார். டோலக் அண்ணன் பழைய டோலக்கை உறையிலிருந்து எடுத்து இருட்டில் தனியாக வாசித்தார். அன்றைக்கு அவருக்கு விழுந்த கைத்தட்டல் எங்கள் பேடுக்கு எப்போதும் விழுந்ததில்லை. மறுவருஷம் அதே கமிட்டி வந்து, பேடு உண்டா என்றுதான் முதலில் கேட்டது.

ரசனை என்பது இப்படித்தான் மாறுகிறது. யாரும் டோலக்கை வெறுக்கவில்லை. பாட்டை ரெக்கார்டாகவே, டீக்கடையிலும் தனியார் பஸ்ஸிலும் 1993ல் வந்த சன் டிவியிலும் ஆயிரம் தடவை கேட்ட காதுக்கு, ரெக்கார்டுதான் அசல், மேடை அதன் நகல் என்று ஆகிவிட்டது. பஸ் டிரைவர்களுக்கு ஓசி கேசட் கொடுக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. நானே கொடுத்திருக்கிறேன். காஞ்சிபுரத்தில் ஏறி வேலூரில் இறங்குவதற்குள் ஒரு கேசட் இரண்டு தடவை ஓடிவிடும்.

விளம்பரத்தால் எல்லாம் ஆகும் என்று யாராவது சொன்னால் நான் ரோலண்ட் கம்பெனியைக் காட்டுவேன். 1981ல் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். கிட்டார்காரர் வீட்டில் பயிற்சி செய்யும்போது பேஸ் கிட்டாருக்குப் பதிலாக உடன் வாசிக்கும் என்று விளம்பரம். வாங்கியவர்களுக்கு அது பேஸ் கிட்டார் மாதிரியே கேட்கவில்லை. சுமார் 10,000 செய்ததோடு நிறுத்திவிட்டார்கள். அதன் அண்ணன் டிஆர்-808 தாள மிஷின் 1980ல் வந்தது. அதுவும் சுமார் 12,000தான். இரண்டும் அடிமாட்டு விலைக்குப் பழைய கடைகளில் கிடந்தபோது அமெரிக்காவில் காசில்லாத பையன்கள் வாங்கினார்கள். சிகாகோவில் ‘ஃப்யூச்சர்’ என்ற குழு 303ன் திருகுகளைக் கண்டபடி திருகி, 1987ல் வெளியிட்ட ரெக்கார்டிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் என்ற வகையே கிளம்பியது. கம்பெனி சொன்ன கதை தோற்றது, மிஷின் ஜெயித்தது. இன்றைக்கு அந்த 303க்கு யானை விலை.

இதே பெட்டிகள் இரண்டையும் ஜூபிடர்-8 சிந்தசைசரோடு சேர்த்து வைத்து, பம்பாய் சினிமா உலகில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் 1982ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். எச்எம்வி வெளியிட்டது. ஈ ஆடவில்லை. என் கடைக்கு அந்த ரெக்கார்டு வந்ததே கிடையாது. 2010ல் ஹாலந்தில் ஒரு சிறு கம்பெனி அதைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிட்டது. சிகாகோக்காரர்களுக்கு ஐந்து வருஷம் முன்பே ஓர் இந்தியர் ஆசிட் ஹவுஸ் செய்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. எழுபது வயதில் மனிதர் ஐரோப்பிய மேடைகளில் ஏறினார், 2015ல் காலமானார். ரெக்கார்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. ‘சினிமா கிட்டாரிஸ்டின் டிஸ்கோ முயற்சி’யாக இருந்தது ‘உலகத்தின் முதல் ஆசிட் ஹவுஸ்’ ஆனது. அவர் ராகத்தை மனதில் வைத்து வாசித்தாரே தவிர, எந்த ஹவுஸையும் நினைத்து அல்ல. கேட்டுப் பார்த்தேன். பைரவ் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கதை தெரியாமல் கேட்டிருந்தால் நான் முழுசாகக் கேட்டிருப்பேனா என்பது வேறு.

அடுத்தவர் சொல் நம் காதை எவ்வளவு திருப்பும் என்பதைக் கணக்காகவே பார்த்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் செய்த சோதனை 2006ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டு, கேட்பதற்கு 14,000 பேருக்கு மேல். ஒரு கூட்டத்துக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டு தனி உலகமாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எதை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையும் காட்டினார்கள். உலகத்துக்கு உலகம் வேறு வேறு பாட்டு மேலே போனது. ரொம்ப நல்ல பாட்டு அநேகமாக அடியில் கிடக்கவில்லை, ரொம்ப மோசமானது அநேகமாக உச்சிக்குப் போகவில்லை. நடுவில் இருந்தவை எங்கு வேண்டுமானாலும் போயின. பிறகு எண்ணிக்கையைத் தலைகீழாக்கிப் பொய்யாகக் காட்டிப் பார்த்தார்கள். சில மட்டப் பாட்டுகள் ஏறிவிட்டன. மிக நல்லவை மெல்ல மெல்ல மீண்டு வந்தன. ஆனால் மொத்தத்தில் பாட்டு இறக்கிக்கொண்டவர்களே குறைந்துபோனார்கள். இந்தக் கடைசி விஷயம் காஞ்சிபுரத்துக்காரனுக்குப் புதிதில்லை. போலி ஜரிகை பெருகிய காலத்தில் நல்ல சேலை வைத்திருந்தவர் கடைப் படியும் சேர்ந்துதான் காலியானது.

நடுவில் இருந்தவை என்று சொன்னேனே, அதில் ‘கொலைவெறி’யையும் சேர்ப்பேன். 2011 நவம்பரில் யூடியூபில் வந்து உலகமே பாடியது. ஸ்டூடியோவில் சும்மா விளையாட்டாகப் பதிந்த மாதிரி எடுத்த வீடியோ, திட்டமிட்ட இணைய விளம்பரம். அடுத்த ஆடியில் ஒரே கச்சேரியில் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். பாட்டுக்கு இருந்த ஓட்டம் 2012ல் வந்த ‘3’ படத்துக்கு இல்லை. இரண்டு மூன்று ஆடி போனதும் மேடைக்கு எழுதி அனுப்பும் சீட்டில் அந்தப் பாட்டு வருவது நின்றுவிட்டது. ‘புன்னகை மன்னன்’ தீம் இன்னும் வருகிறது.

எங்கள் ஊரில் அதிகம் ஒலிக்கும் மிஷின் இசை இவை எதுவுமில்லை. சின்னக் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் ஸ்விட்சைப் போட்டதும் முரசும் மணியும் தானாக அடிக்கும் மோட்டார் மேளம்தான். நாதஸ்வரக்காரருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத கோயிலுக்கு அது வந்தது. பாட்டுக்கு விளம்பரம் செய்ய ஆள் இல்லை. ஆனால் பெட்டியின் நெற்றியில் ‘உபயம்’ என்று கொட்டை எழுத்தில் வாங்கிக் கொடுத்தவர் பேர் இருக்கும். அதைப் பார்த்து அடுத்த தெருக்காரர் தன் தெருக் கோயிலுக்கு வாங்குவார். இரைச்சல் என்று நான் சொன்னால் என் வீட்டிலேயே ஒப்புக்கொள்வதில்லை. அந்தச் சத்தம் கேட்டால்தான் சாமி பார்த்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுதான் கோயில் சத்தம்.

என் தங்கை பையன் லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டூடியோ வைத்து இசை செய்கிறான். ரீல்ஸுக்கு ஏற்ற மாதிரி பாட்டின் பிடியைத் தூக்கி முதல் நொடியிலேயே வைக்கிறான்; முன்னிசை கொஞ்சம் இருக்கட்டுமே என்றால், “அதுக்குள்ள விரல் தள்ளிட்டுப் போயிடும் மாமா” என்கிறான். போன ஆடித் தள்ளுபடிக்குக் காந்தி ரோடு பட்டுக் கடை ஒன்று அவனிடம் 30 நொடி விளம்பர இசை கேட்டது. நானும் கூடப் போயிருந்தேன். கோயில் மணி, நாதஸ்வரம், அடியில் அதிர அதிர 808ன் பேஸ் டிரம். முதலாளி முகம் சுளித்தார். “அந்த ‘டும்’ என்னாப்பா, டிஸ்கோ மாதிரி?”

“நம்ம தவிலு சார் அது. தொப்பிப் பக்கம். கொஞ்சம் பெருசா பதிஞ்சிருக்கேன்.”

மறுபடி போடச் சொன்னார். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். “ஆமாய்யா, தவிலுதான். கல்யாண களை இருக்கு.” பிறகு அதையே 15 நொடிக்குச் சுருக்கித் தரச் சொன்னார். அப்படியானால் பேசிய பணத்திலும் பாதி குறைத்துக்கொள்ளலாம் அல்லவா என்றார். பையன் என்னைப் பார்த்தான். சுருக்குவதற்குத்தான் கூடுதல் கூலி என்று நான் சொல்லி, காபி வந்து ஆறும் வரை பேரம் நடந்தது.